மரமும் மரத்தின் படமும்

எனக்குத் தச்சு வேலை தெரியாது. கொத்து வேலையும் தெரியாது. ஆனாலும் போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைதாப்பேட்டையிலிருந்து என் பால்ய சிநேகிதன் டெலிபோனில் கூப்பிட்டு, "உடனே புறப்பட்டு வா, ஒரு பஞ்சாயத்து இருக்கிறது" என்றான். நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களைப் பற்றி ஏதோ தெரியும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சொத்துத் தகராறாக இருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். விஷயம் தரை.

அந்த வீடு அவன் தகப்பனார் 1962-ல் கட்டியது. கூடத்திலும் அறைகளிலும் சிவப்பு ஆக்ஸைடு தரை. அறுபது வருஷத்துக்கு மேல் மிதிபட்டு நடுவில் பளபளத்து, சுவரோரங்களில் மங்கி, ஊஞ்சல் தொங்கும் இடத்தில் தலைமுறை தலைமுறையாக உந்தித் தள்ளிய கால்களின் தேய்மானம் வாங்கி, சமையற்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு நீண்ட விரிசலும் விழுந்து கிடக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மூத்த பிள்ளை பணம் அனுப்புகிறேன் என்கிறான். தரை முழுவதும் தேக்குப் பலகை போட வேண்டுமாம். இங்கே மாடியில் குடியிருக்கும் இரண்டாவது மருமகள், "மரமெல்லாம் இந்த ஊருக்கு ஆகாது மாமா, வினைல் பலகை போட்டுவிடலாம், பார்க்க அச்சாக மரம் மாதிரியே இருக்கும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்கிறாள். என் சிநேகிதனுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. அதற்குத்தான் நான்.

நான் முதலில் கேட்டது நியாயமான கேள்வி என்றே இப்போதும் நினைக்கிறேன்: "இருக்கிற தரைக்கு என்ன கேடு?" யாரும் பதில் சொல்லவில்லை. "எல்லாரும் மாற்றுகிறார்கள்" என்றாள் மருமகள் கடைசியில்.

பிற்பகலில் எல்லாருமாகக் கடைக்குப் போனோம். கடைப் பையன் நல்ல பையன். பொய் சொல்ல வரவில்லை என்பதுதான் அவனுடைய தொழிலுக்கு ஒரு குறை. வினைல் பலகை ஒன்றை எடுத்து வைத்து, பாட்டில் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்தான். ஸ்கூட்டர் சாவியால் பரபரவென்று கீறினான். துணியால் துடைத்துக் காட்டினான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெட்டுத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து விளக்கினான். மொத்தக் கனம் ஐந்து மில்லிமீட்டர். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் கலந்து அழுத்திய பலகை. அதன்மேல் ஒரு மெல்லிய தாள். அதில்தான் தேக்கு, ஓக், வால்நட் என்று வேண்டிய மரத்தை அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு மேலே காலடி படுவதற்கென்று கண்ணாடி போல ஒரு தோல். உயர்ந்த ரகத்தில் அரை மில்லிமீட்டர், மலிவானதில் 0.3.

"பழசானால் எப்படி இருக்கும், தம்பி?" என்று கேட்டேன்.

"பழசே ஆகாது சார். பதினைந்து இருபது வருஷம் இப்படியேதான் இருக்கும். அப்புறம் பெயர்த்துப் போட்டுவிட்டு வேறு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்."

பையன் இதைப் பெருமையாகச் சொன்னான். நான் இந்தக் கட்டுரை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடுவதற்குத்தான்.

உலகத்தில் பழசாகிற பொருள்கள் உண்டு. கெட்டுப் போகிற பொருள்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. தாத்தாவின் ஊஞ்சல் பலகை பழசாகிறது. பிளாஸ்டிக் நாற்காலி கெட்டுப் போகிறது. ஊஞ்சல் பலகையில் கீறல் விழுந்தால் கீறலுக்கு அடியிலும் மரம்தான் இருக்கிறது. இழைப்புளி போட்டால் மறுபடியும் தேக்கு வாசனை வரும். வினைல் பலகையில் அந்த அரை மில்லிமீட்டர் தோலைத் தாண்டி ஒரு கீறல் விழுந்துவிட்டால் அடியில் வருவது மரமல்ல, கிழிந்த படம். கிழிந்த படத்தை எந்தத் தச்சனாலும் இழைக்க முடியாது. பதினெட்டு இருபது மில்லிமீட்டர் கனமுள்ள நிஜப் பலகையைத் தன் ஆயுளில் பல தடவை தேய்த்துப் புதுப்பிக்கலாம். ஒட்டுப்பலகைமேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் நல்ல மரத்தை ஒட்டி விற்கிறார்களே, அதைக்கூட ஒரு தரமாவது தேய்க்கலாம்.

கடையில் மாதிரிக்காக ஓர் அறையளவு தரை விரித்து வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பாவம். நான் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பலகையில் கண் மாதிரி ஒரு கணு தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு பலகையில் அதே கணு, அதே சாய்வு, அதே பக்கத்தில் அதே வெடிப்பு. எண்ணத் தொடங்கினேன். ஒன்பது. ஒரே மரம் ஒன்பது தடவை பிறந்து ஒன்பது தடவை ஒரே இடத்தில் கிளை விட்டிருக்கிறது! அச்சுக்கூடத்தில் எத்தனை படம் செய்தார்களோ அத்தனைதான் காடு. இந்தக் கணுவை ஒரு முறை கண்டுவிட்டவன் அப்புறம் அந்த அறையில் வேறு எதையும் பார்க்க முடியாது.

இப்படி நடிப்பது தரைக்கு ஒன்றும் புதிதல்ல. 1863-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் லினோலியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சணல் துணியுமாகச் செய்த சாமான் அது. அதன்மேலும் மரம் மாதிரி, பளிங்கு மாதிரி என்று அச்சடித்து விற்றார்கள். 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற ரசாயனக்காரர் பி.வி.சி.யை வளையும்படி பண்ணிக் காட்டியதிலிருந்து எண்ணெய்க்கும் தக்கைக்கும் கூட வேலை இல்லாமல் போயிற்று. நம் பக்கத்தில் மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைட் ஓடுகளும் இன்று மரவேஷம் கட்டிக்கொள்கின்றன. சுட்ட மண்ணுக்கு எதற்கு ஐயா மரமாக இருக்க ஆசை?

இந்த இடத்தில் அமெரிக்காப் பிள்ளை கைதட்டக் கூடும். "பார்த்தீர்களா, நிஜ மரம்தான் உசத்தி என்று எழுத்தாளர் மாமாவே சொல்லிவிட்டார்!" சற்றுப் பொறு, அப்பா. உன்னிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நீ இருக்கிற ஊரில் வருஷத்தில் பாதி நாள் வெளியே பனி. கல்லிலும் சிமெண்டிலும் கால் வைத்தால் அது உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு விடும். மரம் அப்படி உறிஞ்சாது. அதனால் பாதத்துக்கு இதமாக இருக்கிறது. அதற்காக அங்கே மரத்தரை போட்டார்கள். சித்திரை மாதத்துச் சைதாப்பேட்டையில், மத்தியான்னம் இரண்டு மணிக்கு, மேல்துண்டைக் களைந்துவிட்டு வெறுந்தரையில் படுத்திருக்கிற உன் தகப்பனாரைக் கேட்டுப் பார், அவருக்குச் சூட்டை உறிஞ்சாத தரை வேண்டுமா என்று! அவர் தரையில் படுப்பதே அது உறிஞ்சிக்கொள்வதற்காகத்தான். மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரக்காற்றில் பலகை அகலவாட்டில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஐப்பசி அடைமழையில் உப்பி முட்டிக்கொண்ட பலகை கத்திரி வெயிலில் சுருங்கி வாய் பிளக்கும். பிளந்த வாயில் தூசியும் எறும்பும் குடியேறும். கரையானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றித் தரையைக் கழுவுகிற ஜாதி. மரத்தரைக்காரன் கசியக் கசியப் பிழிந்த துணியைக் கூடத் தயங்கித் தயங்கித்தான் போடுவான்.

நம் முன்னோர்களுக்கு மரம் கிடைக்காமலா தரையைச் சுண்ணாம்பிலும் கல்லிலும் போட்டார்கள்? கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் போய்ப் பாருங்கள். தூண் மரம், உத்தரம் மரம், கூரை மரம், சாளரம் மரம்; செதுக்காத இடமில்லை. ஆனால் எல்லாரும் குனிந்து பார்த்து வியக்கிற அதன் தரை, சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்ததாகச் சொல்கிற கறுப்புத் தரை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் இரண்டு கை சேர்த்துக் கட்டிப் பிடித்தாலும் அடங்காது. அங்கேயும் காலுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல்தான். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அடுப்பே இல்லை; கண்ணாடியின் பளபளப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடுகிறது. நடக்க நடக்க இன்னும் ஏறும். மரத்தை நாம் உட்காரும் மணையாகவும் ஆடும் ஊஞ்சலாகவும் சாத்தும் கதவாகவும் வைத்துக்கொண்டோம். அதில் ஒரு புத்தி இருந்தது.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு கட்டுகிறவர் மரத்தரை போடட்டும்; நான் வந்து பாராட்டுகிறேன். சென்னையிலும், இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடுகிற ஓர் அறை, தண்ணீர் கொட்டாத அறை, புத்தக அறை என்று வையுங்கள், அங்கே மரம் போடலாம். வீடு முழுவதும் படம் ஒட்டுகிற காசில் ஓர் அறைக்கு மரம் போடுவது என்ன கேவலம்? 2014-லிருந்து பர்மாவில் தேக்கை உருட்டாக ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது; புதுத் தேக்கின் விலை கேட்டால் மயக்கம் வரும். காரைக்குடியில் பிரித்த வீடுகளின் மரத்தை விற்கும் கடைகள் இருக்கின்றன. எந்தச் செட்டியார் வீட்டுக் கட்டிலுக்கு மேலோ நூறு வருஷம் காய்ந்த மரம் உங்கள் அறைக்கு வந்து சேரும். ஆக, மரம், வினைல் இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தால் மரம் என்பேன், ஓர் அறைக்கு மட்டும்.

வினைல் கட்சியின் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. மெழுகிய விட்ரிஃபைட் ஓட்டில் ஈரக்காலோடு வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த கிழவிகளை எனக்கே தெரியும். வினைல் அவ்வளவு கடினமல்ல, அவ்வளவு வழுக்குவதுமில்லை. பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே இரண்டு நாளில் பொருத்திவிடலாம். கீழ்வீட்டுக்காரருக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்காது. எல்லாம் சரி. ஆனால் இதே பலகையைப் பூஜை அறையில் போட்டுப் பாருங்கள். கற்பூரத் துணுக்கு ஒன்று தட்டிலிருந்து தெறித்தால் போதும், ஊதுபத்திக் கங்கு உதிர்ந்தால் போதும், கறுப்பாய் ஒரு வடு. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அவசரத்தில் கீழே வைக்க முடியாது. கல்மாவுக் கோலம் போட்டு மேலே நடந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். மேற்கு வெயில் விழுகிற ஜன்னலோரத்தில் சூடேறிப் பலகைகள் நெட்டித் தூக்கிக்கொள்ளும். ரப்பர் அடி வைத்த மிதியடி மஞ்சளாய்க் கறை விடும். தண்ணீர் ஒன்றும் செய்யாது என்கிறார்களே, பலகையை ஒன்றும் செய்யாதுதான். இடுக்கு வழியே அடியில் இறங்கிய தண்ணீரை யார் வெளியே கூப்பிடுவது? 2015 டிசம்பரில் அடையாறு இந்த வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. வடிந்த பிறகு என் சிநேகிதனும் அவன் மனைவியும் சேற்றை வாரிக் கொட்டினார்கள், நாலு வாளி தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். சாயங்காலம் அதே தரையில் உட்கார்ந்து பிரெட்டும் பாலும் சாப்பிட்டார்கள். வினைலாக இருந்தால் பலகை பலகையாகப் பெயர்த்து அடியில் உலர்த்தியிருக்க வேண்டும். தேக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொன்று. பி.வி.சி.க்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு என்ற வாயு. 1974-ல் அமெரிக்காவில் லூயிவில் நகரத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு அதனால் அபூர்வமான ஈரல் புற்றுநோய் வந்தது தெரியவந்து உலகமே திடுக்கிட்டது. 2023 பிப்ரவரியில் ஒஹையோவில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் ரயில் தடம் புரண்டு, ஐந்து வண்டி வினைல் குளோரைடை அதிகாரிகளே திறந்து எரித்தார்கள். கறுப்புப் புகைக்குக் கீழே ஊரைக் காலி செய்தார்கள். உங்கள் வீட்டுத் தரையில் நடந்தால் புற்றுநோய் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. அப்படிச் சொல்வது அயோக்கியத்தனம். கெட்டியான பலகை வேறு, அந்த வாயு வேறு. ஆனால் இருபது வருஷத்துக்கு ஒரு தரம் பெயர்த்து எறிகிற ஒரு படத்துக்காக எங்கேயோ ஒருவன் அந்த வாயுவின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான். பெயர்த்து எறிந்ததையும் எளிதில் உருக்கிப் பிரிக்க முடியாது, கல்தூளும் பிளாஸ்டிக்கும் படமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால்.

கடையிலிருந்து திரும்பி வந்து, காப்பி குடித்துக்கொண்டே இதையெல்லாம் இதைவிடப் பிரமாதமாக நான் சொல்லி முடித்தேன். சிநேகிதன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பழைய தரையே இருக்கட்டும் என்கிறாய்!" என்றான்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த அவன் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் தரையைப் பத்திப் பேசறீங்க அண்ணா. அதைத் துடைக்கிறவ நான். 1979-ல இந்த வீட்டுக்குள்ள காலை வச்சேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மண்டி போட்டுத் தேங்காய் நாரால தேய்க்கணும், மாசத்துக்கு ஒரு தரம் மெழுகு போடணும். தரையில முகம் தெரியணும்பாங்க மாமியார். தெரிஞ்சுது, என் முகம்தான். இப்ப ரெண்டு முழங்காலும் போச்சு. பழசாகிற தரை அழகுன்னு நீங்க கதை எழுதலாம். கூட நானும் பழசாயிட்டேனே!"

வாசகர்களே, நான் முப்பது வருஷமாக மேடையில் பேசுகிறவன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு வரை முழுப் பதில் இல்லை. ஊஞ்சல் பலகை, பத்மநாபபுரம் என்று நான் அடுக்கிய அத்தனை அழகுக்கும் பின்னால் மண்டி போட்டுத் தேய்த்த ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. வினைல்காரன் விற்பது மரத்தின் படத்தை மட்டுமல்ல. குனிய வேண்டாம் என்ற ஒரு வாக்கையும் சேர்த்து விற்கிறான். நம் வீட்டுப் பெண்கள் அந்த வாக்கைத்தான் வாங்குகிறார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனாலும் ஒன்று கேட்டேன். "முகம் தெரியணும்னு சொன்னது தரையா, உங்கள் மாமியாரா?" வினைலையும் துடைக்கத்தானே வேண்டும்? கம்பு வைத்த துடைப்பானால் அதைத் துடைக்கலாமென்றால் அதே கம்பால் இதையும் துடைக்கலாம். மெழுகு போடாவிட்டால் சிவப்புத் தரை மங்கும். மங்கட்டுமே, யார் குடி முழுகிவிடும்? இத்தனை வருஷத்தில் என் சிநேகிதன் அந்தக் கம்பை ஒரு நாளாவது கையில் எடுத்திருக்கிறானா? நான் இப்படிக் கேட்டதும் அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். என் வீட்டில் என் நிலைமை என்ன என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் நானும் ஜன்னல் பக்கம்தான் பார்த்திருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். ஒரு நிபந்தனை போட்டாள்: தரை இருக்கலாம், துடைப்பது இனிமேல் வீட்டுக்காரர். தேக்குப் பணத்தில் சமையற்கட்டுக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான, வழுக்காத ஓடு. அமெரிக்காவுக்கு டெலிபோனில் அவளே சொல்லிவிட்டாள். மாடி அறைக்கு மருமகள் வினைல்தான் போடுவேன் என்றாள். தவழ்கிற குழந்தை இருக்கிறது. அவள் அறை, அவள் உரிமை. "மரப்படம் வேண்டாம் அம்மா, சாதாரணமாக ஒரே நிறத்தில் இருக்கிறதே, அதைப் போடு" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் ஓக் மரப் படத்தையே போட்டுக்கொண்டாள். குழந்தை அந்தக் கணுக்களை எண்ணக் கற்றுக்கொள்ளும்.

கூடத்து விரிசலுக்கு ஆள் தேடினோம். சிவப்பு ஆக்ஸைடு போடத் தெரிந்த கொத்தனார் இந்த ஊரில் கிடைப்பதென்றால் லேசா? ஓடு ஒட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து எழுபது வயசுக்காரர் ஒருவர் பேரனின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். ஒரு ரூபாய் நாணயத்தால் தரையை அங்கங்கே தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கெட்டியா இருக்குங்க. விரிசல் ஓரத்துல மட்டும் பொத்தல். அதை வெட்டி எடுத்துட்டுப் புதுசாப் போடறேன். ஆனா நிறம் சேராது, இப்பவே சொல்லிட்டேன். பழசு பழசாத்தான் தெரியும், புதுசு புதுசாத்தான் தெரியும். பத்து வருஷம் நடந்தா ஓரளவுக்குச் சேரும்."

ஏழு நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டுமாம். ஈரம் காயக் கூடாது. பூனை கூட மிதிக்கக் கூடாது. காலையும் மாலையும் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சிநேகிதன் காலண்டரை எடுத்து நாள்களைப் பங்கு போட்டான். எனக்குச் செவ்வாயும் புதனும் விழுந்திருக்கிறது.